நன்றிக் கண்ணீர்

தலைவரின் விளம்பர அலுவலகம் மூன்று தளம். மேல்தளத்தில் பேச்சு தயாரானது, நடுத்தளத்தில் புள்ளிவிவரம் தயாரானது, கீழ்த்தளத்தில் முகம் தயாரானது. கீழ்த்தளத்துக்குப் பட அறை என்று பெயர். அங்கே பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவளை எல்லோரும் கத்தரி என்றே கூப்பிட்டார்கள். எந்தப் படத்திலிருந்தும் ஒரு மனிதரை முடி முடியாகப் பிரித்தெடுத்து இன்னொரு படத்தில் கொண்டுபோய் நிற்கவைப்பாள். நின்றவருக்கே தான் அங்கே போயிருந்ததாக ஞாபகம் வந்துவிடும்.

தலைவருக்கு மூன்று தாடை. இரண்டைக் கத்தரி எடுத்துவிடுவாள். தலையில் இல்லாததைக் கொஞ்சம் சேர்ப்பாள். இத்தனை வருடத்தில் அவருக்கு வயதே ஏறவில்லை, எல்லாம் உடற்பயிற்சி என்று பத்திரிகைகள் எழுதின. அது யாருடைய உடற்பயிற்சி என்று கத்தரியின் வலது மணிக்கட்டுக்குத் தெரியும்.

முகத்துக்கு அளவும் உண்டு. தலைவர் முகம் ஒரு முழம் என்றால் துணைத் தலைவர் முகம் ஒரு சாண், அமைச்சர்கள் நாலு விரற்கடை. மக்கள் என்று யாராவது வரவேண்டியிருந்தால் கடுகு. இந்த அளவுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தப்பினால் மட்டும் தெரியும்.

போன வருடம் மாப்பிள்ளை வந்தது. மாப்பிள்ளை என்பது சொன்னால் படம் வரைந்து தரும் புது இயந்திரம். பெயர் வைத்தவர் சாயம். படங்களுக்கு வண்ணம் திருத்துகிறவர், அதனால் அவருக்கு அந்தப் பெயர்.

"வந்து உக்காந்ததும் அறைக்கு ஏசி போடறாங்க. நாம வேர்த்துக் கொட்டினப்ப ஒருத்தன் கேக்கல," என்றார் சாயம். "தப்புப் பண்ணினா நாம சரியா கேக்கலைன்னு அர்த்தம். யாரும் முகம் சுளிக்கக் கூடாது. மாப்பிள்ளை இல்லாம வேற என்ன இது?"

மாப்பிள்ளை முதல் வாரம் துணைத் தலைவரின் தலையைத் தலைவரின் தலையைவிடப் பெரிதாகப் போட்டுவிட்டது. இரண்டு நாள் கட்சியே ஆடிப்போனது. பிறகு அளவைக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர்கள் பட அறையில் கத்தரியோடு இருந்த எட்டுப் பேர். கற்றுக்கொடுத்த வரிசையிலேயே அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கடைசியாகச் சாயம், ஒரு திங்கட்கிழமை.

"வரேன் கத்தரி. மாப்பிள்ளைகிட்ட மரியாதையா இரு," என்று தன் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். நாற்காலி அப்படியே இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஏரி உடைந்திருந்தது.

மதகைத் திறக்கிற அதிகாரி மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தார். மேலிடம் ஒரு திறப்பு விழாவில் இருந்தது. யாரும் திறக்காததால் கரை தானே திறந்துகொண்டது. தாழ்வான நாலு தெருவில் தண்ணீர் கூரைவரை நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, உயிரிழந்தோர் பதினொரு பேர் என்றார். "உடனடி நடவடிக்கையால் பதினொன்றோடு தடுத்து நிறுத்தினோம்," என்றும் சொன்னார். அன்று மாலையே அது சுவரொட்டியானது. எழுத்தை அடுக்கியவள் கத்தரி. 'பதினொன்றோடு நிறுத்திய தலைவா' என்ற வரியில் பதினொன்று பெரிதாகத் தெரியவேண்டும் என்றார்கள். பெரிதாக்கினாள்.

பன்னிரண்டாவது ஆள் அவளுடைய தம்பி.

வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். தாழ்வான தெருவில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துச் சலவை இயந்திரங்களைப் பழுது பார்த்தான். தண்ணீர் ஏறத் தொடங்கியபோது பின்தெருவில் இருந்த வீட்டிலிருந்து அம்மாவைத் தோளில் தூக்கி மேட்டில் விட்டுவிட்டு, கடைக்குத் திரும்பினான். அம்மா தடுத்தாள்.

"முட்டி வரைக்கும்தான்மா தண்ணி. ஊரான் மெஷின் ஆறு கிடக்கு. நனைஞ்சா யாரு பதில் சொல்றது? மேசைமேல ஏத்திட்டு வந்துடறேன்."

அவனைக் கண்டுபிடிக்கவில்லை. உடல் கிடைக்காதவர்கள் வெளியூர் போயிருக்கலாம் என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. வேறு எதிலும் அரசாங்கத்துக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. தலைவர் பதினொன்று என்று சொல்லிவிட்ட பிறகு பட்டியல் பன்னிரண்டு ஆனால், தலைவர் சொன்னது தப்பு என்று ஆகும். ஆகவே பட்டியல் ஆகவில்லை.

அம்மா பிள்ளை திரும்பி வருவான் என்று நினைக்கவில்லை. இழப்பீடும் கேட்கவில்லை. பட்டியலில் அவன் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான்; அதுவரை கத்தரி வீட்டுக்கு வரமாட்டேன் என்று வெள்ள முகாமிலேயே இருந்தாள். "வெளியூர் போயிட்டானாம். என்னை மேட்டுல உக்கார வச்சிட்டு ஊர் சுத்தப் போயிட்டானா அவன்? எம்பிள்ளைய ஓடிப்போனவன்னு எழுதுவாங்களா?" என்பாள்.

இவ்வளவு நடந்தும் கத்தரி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே இருந்தால் என்றைக்காவது ஒருநாள் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்த நேரம் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதும் அந்தக் கணக்கிலேயே இருந்தது.

சாயம் போன மறுநாள், விளம்பரச் செயலாளர் பட அறைக்கு இறங்கி வந்தார். நல்ல மனிதர். யாரை வேலையைவிட்டு நிறுத்தினாலும் அன்று மத்தியானம் சாப்பிடமாட்டார். மாலையில் சேர்த்துச் சாப்பிடுவார்.

"கத்தரி, தலைவர் வெள்ளப் பகுதிக்குப் போனது தெரியும்ல? அந்தப் படம் பன்னெண்டு மணிக்குள்ள வேணும்."

தலைவர் போனது உண்மை. வண்டி மேட்டில் நின்றது. கண்ணாடி நாலு விரல் இறங்கியது. தலைவரின் இதயம் இறங்கத் தயாராக இருந்தது என்று பின்னால் அறிக்கை வந்தது, மூக்கு சம்மதிக்கவில்லை. கண்ணாடி ஏறிவிட்டது. அலுவலகப் புகைப்படக்காரர் எடுத்த ஒரே படத்தில், கறுப்புக் கண்ணாடியில் படம் எடுத்தவரே தெரிந்தார். அந்த வாரமே அவரும் வீட்டுக்குப் போனார்.

"தலைவர் முட்டியளவு தண்ணியில நிக்கறாரு. ஒரு வயசான அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொல்றாரு. மாப்பிள்ளைகிட்ட சொல்லு."

சொன்னாள். தலைவர் பிரமாதமாக வந்தார். தண்ணீர்கூட அவர் காலைச் சுற்றி ஒதுங்கி நின்றது. அந்த அம்மாதான் சரியாக வரவில்லை. முதல் அம்மா நகைக்கடை விளம்பரத்தில் அழுகிற மாதிரி அழுதாள். இரண்டாவது அம்மாவுக்குக் கையில் ஆறு விரல். மூன்றாவது அம்மாவின் நகங்களில் பளபளவென்று பூச்சு.

"வீடு போனவ கையா இது?" என்றார் செயலாளர். "நெசமான கை ஒண்ணு போடும்மா. ஆனா ஆள் நெசமா இருக்கக் கூடாது. நெசமான ஆளா இருந்தா நாளைக்கே பேட்டி குடுப்பா."

கத்தரி தன் கைப்பேசியில் தேடினாள். நாலு நாளைக்கு முன்னால் முகாமில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அம்மா மனுவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மனு எண் தெரியவேண்டும் என்பதற்காக எடுத்தது. கை நன்றாக விழுந்திருந்தது: வெடிப்பு, நரம்பு, நகத்துக்குள் சேறு. அதை மாப்பிள்ளையிடம் கொடுத்து, கை மட்டும் என்று எழுதினாள்.

மாப்பிள்ளைக்குக் கை மட்டும் எடுக்கத் தெரியவில்லை. அரை நிமிடத்தில் முழு அம்மாவும் திரையில் வந்து நின்றாள். தலை வாரியிருந்தது, சுருக்கம் இரண்டு குறைந்திருந்தது. மற்றபடி தாடை, காது, சாய்ந்த தோள் எல்லாம் அம்மா. தலைவரை நிமிர்ந்து பார்த்து, கண்கலங்கி, நன்றியோடு நின்றாள். அம்மா அப்படி யாரையும் பார்த்துக் கத்தரி கண்டதில்லை. டாக்டரைக்கூட அம்மா சந்தேகத்தோடுதான் பார்ப்பாள்.

அழிக்கக் கை போனது. தோளுக்குப் பின்னாலிருந்து செயலாளரின் குரல் வந்தது.

"இதான். இதான்மா. தொடாத."

சொல்வதற்கு ஒரு நிமிடம் இருந்தது. சார், இது எங்க அம்மா, வேற போடறேன் என்று சொல்ல ஒரு நிமிடமே அதிகம். அந்த நிமிடத்தில் கத்தரி சாயத்தின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் மேல்தளத்துக்குப் போய்விட்டது. அங்கே அதற்கு வாசகம் எழுதினார்கள். இப்போதெல்லாம் வாசகமும் மாப்பிள்ளைதான். 'பிள்ளைகள் அனைவரும் நலம்! காத்த தலைவரின் கரம் பற்றி நன்றிக் கண்ணீர் வடிக்கும் தாய்.'

மறுநாள் மத்தியானம் அவள் முகாமுக்குப் போனபோது அந்தப் படம் விளம்பரப் பலகையாகி வாசலிலேயே நின்றது. முகாம் ஒரு பள்ளிக்கூடம். பத்தடி உயரத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அதன் கீழே முகாமில் இருந்தவர்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள்.

பக்கத்துப் பாய்க்காரி கத்தரியை மடக்கினாள். "உங்கம்மாவுக்குப் பெரிய இடத்துப் பழக்கம்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களும் முகத்தைக் கழுவிக்கிட்டு நின்னிருப்போம்ல."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பிள்ளைங்க எல்லாம் நலமாமே. அப்ப தினம் ராத்திரி அழுதது எதுக்கு? எங்க தூக்கத்தைக் கெடுக்கவா?"

அம்மா வகுப்பறையில் கரும்பலகைக்குக் கீழே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி இரண்டு பாய் அளவுக்கு இடம் காலியாகியிருந்தது.

"பாப்பா," என்றாள். நாற்பத்திரண்டு வயதிலும் கத்தரி அவளுக்குப் பாப்பாதான். "எனக்கு மறதி வந்துடுச்சா?"

"ஏம்மா?"

"அந்த ஆளு எப்ப வந்து என் கையைப் பிடிச்சாரு? காலையிலிருந்து யோசிக்கிறேன். ஞாபகம் வரல. ஆனா அது நான்தானே? என் காது அது."

"உனக்கு மறதி இல்லம்மா. அவரு வரவே இல்ல. அது மெஷின் பண்ணின படம்."

அம்மா அதை மெல்ல யோசித்தாள். "மெஷினுக்கு என்னை எப்படித் தெரியும்?"

கத்தரி பாயை உதறி மடித்து, மறுபடி விரித்துப் போட்டாள்.

இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். மனுவை வாங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து, எழுந்தே நின்றுவிட்டார்.

"நீங்களா? வாங்கம்மா. உங்க விஷயம்தான் முடிஞ்சுபோச்சே."

"என்ன முடிஞ்சுது?"

"தலைவரே நேர்ல வந்து ஆறுதல் சொல்லிட்டாரே. கோப்புல ஏத்தியாச்சு." அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். அதே படம், சின்னதாக, ஓரத்தில் முத்திரையோடு. "ஆறுதல் வழங்கப்பட்டது. பிள்ளைகள் அனைவரும் நலம். நீங்களே சொன்னதா இருக்கு."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணு இதோ நிக்குது. இன்னொண்ணு தண்ணியோட போச்சு. நான் எப்படி நலம்னு சொல்லுவேன்?"

எழுத்தர் சங்கடப்பட்டார். கெட்டவர் இல்லை. "அம்மா, நீங்க வாயால சொல்றீங்க. இது படமா இருக்கு. நான் எதை எடுத்துக்கறது?"

மறுநாள் காலை கத்தரி செயலாளரின் அறைக்குப் போனாள். பத்தொன்பது வருடத்தில் கூப்பிடாமல் மாடி ஏறியது அதுவே முதல்தடவை. எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, அம்மா, கை மட்டும் என்று கேட்டது, முகம் வந்தது. சீட்டுக் கிழிந்துவிடும் என்று நினைத்துத்தான் போனாள். செயலாளரின் முகம் மலர்ந்தது.

"அந்த அம்மா நிஜமாவே இருக்காங்களா?"

"எங்க அம்மா சார்."

"அடடா. இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா? படமே பொய்ன்னு எதிர்க்கட்சிக்காரங்க கத்திக்கிட்டிருக்காங்க. அந்த அம்மாவைக் காட்டுன்னு கேக்கறாங்க. நான் எங்க போறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

"சார், தம்பி பேரு பட்டியல்ல..."

"சேத்துடலாம்மா. அதுக்குத் தலைவர் வாயால ஒரு வார்த்தை வரணும். சனிக்கிழமை நிவாரண நிறைவு விழா. அம்மாவை மேடைக்குக் கூட்டிட்டு வா. தலைவர் கையைப் பிடிக்கறப்ப நேரா சொல்லச் சொல்லு. அவரு தலையை ஆட்டினாப் போதும், அன்னிக்கே உத்தரவு." குரலைத் தாழ்த்தினார். "உன் தம்பி விஷயம், ரொம்ப வருத்தம்மா."

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டாள்.

சனிக்கிழமை காலை வண்டியில் போகும்போது அம்மா உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். சின்னவனின் முழுப் பெயர், அப்பா பெயர், தெரு, கதவு எண்.

"நீளமா இருக்கோ பாப்பா? பெரிய மனுஷங்களுக்கு நேரம் இருக்காது."

"பேரை மொதல்ல சொல்லும்மா. தண்ணியில போயிட்டான், பட்டியல்ல சேக்கணும். அது போதும்."

"மைக்குல சொல்லட்டுமா, காதுகிட்ட சொல்லட்டுமா?"

"காதுகிட்டயே சொல்லு."

ஏரி உடைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நிவாரணம் நிறைவடைந்துவிட்டது. மேடையில் தலைவரின் முகம் பின்பக்கத் திரையில் ஒன்று, இருபுறமும் இரண்டு, பேச்சுமேடையில் ஒன்று, நாற்காலியில் ஒன்று என்று ஐந்து இருந்தது. நாற்காலியில் இருந்ததற்கு மட்டும் வயதாகியிருந்தது. தலைவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். தண்ணீர் தன்னைப் பார்த்துப் பின்வாங்கியதாகச் சொன்னார். முன்வரிசை கைதட்டியது, தாழ்வான தெருக்காரர்களை ஒலிபெருக்கி மட்டும் எட்டுகிற தூரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

புகைப்படக்காரர் இல்லாததால் கேமராவைக் கத்தரியிடம் கொடுத்திருந்தார்கள். மேடைக்குக் கீழே மண்டியிட்டு அவள் அதில் கண்ணை வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் அம்மா ஏறி வந்தாள். தலைவர் இரு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கேமராவுக்குத் திருப்பினார். அம்மா எம்பி அவர் காதருகே போனாள். கத்தரி அழுத்தினாள். சின்னவனின் பெயர் அம்மாவின் வாயில் இருந்தது. வாய் விரியத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

தலைவர் கேமராவைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ரொம்ப சந்தோஷம்."

அம்மாவை ஒருவர் தோளைப் பிடித்து நகர்த்தினார். அடுத்த ஆள் வந்தார். அவருக்கும் சந்தோஷம்.

அம்மா மெல்லக் கீழே இறங்கி வந்தாள். பிறகு, "தண்ணியில போயிட்டான்னு காதுலயே சொன்னேன் பாப்பா. சந்தோஷம்ங்கறாரு," என்றாள். "தலையை ஆட்டினாரு. நீ பாத்தல்ல? ஆட்டினாருல்ல?"

"ஆட்டினாரும்மா."

"அப்ப எழுதிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை பட அறையில் செயலாளர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. அம்மா வாய்தான் திறந்திருக்கு. என்னமோ கேக்கற மாதிரி இருக்கு. கேக்கற மாதிரி இருந்தா நாம இன்னும் குடுக்கலைன்னு ஆயிடும். வாயை மூடி லேசா சிரிக்க வச்சுடு."

"சார், உத்தரவு?"

"என்ன உத்தரவு?"

"தம்பி பேரு. தலைவர் தலையை ஆட்டினாரு."

"அவரு எல்லாருக்கும்தான் ஆட்டினாரு, கத்தரி. நான் கேட்டுப் பாத்தேன். பதினொன்றோடு நிறுத்தினோம்னு போட்ட சுவரொட்டி ஊர் முழுக்க ஒட்டியாச்சு. இப்ப பன்னெண்டுன்னா எப்படி?" உண்மையாகவே வருத்தப்பட்டார். "அந்த எண்ணை அவ்வளவு பெருசா போட்டிருக்கக் கூடாது."

கத்தரி சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். "அந்த வாய்ல எங்க தம்பி பேரு இருக்கு சார். நான் மூடமாட்டேன்."

சத்தம் போடுவார் என்று காத்திருந்தாள். போட்டால் பதில் சொல்லத் தயாராக இருந்தாள். அந்தப் பதிலைப் பத்தொன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

"சரி விடு," என்றார் செயலாளர். குனிந்து மாப்பிள்ளையிடம் பேசினார். இப்போது தட்டச்சுகூட வேண்டாம், பேசினால் போதும். "அந்த அம்மா சிரிக்கட்டும்."

நாலு விநாடி ஆனது. அம்மா சிரித்தாள்.

"அஞ்சு வருஷம் முன்னாடி நீ இப்படி மாட்டேன்னு சொல்லியிருந்தா எனக்கு வேர்த்திருக்கும்," என்றார், ஏதோ பழைய நண்பரைப் பற்றிப் பேசுகிற மாதிரி. "அப்பல்லாம் நீ லீவு போட்டாலே தலைவருக்கு வயசாயிடும்."

"நாளையிலேருந்து நான் வரணுமா சார்?"

அவர் யோசித்தார். "வந்தா உக்காரலாம்," என்றார்.

திருத்தாத படத்தை அச்செடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டு கத்தரி வெளியே வந்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கிற அளவுக்கு அதில் எதுவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரிய இன்னும் ஒரு நாள் ஆனது.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் கூட்டம். அம்மாவை நடைக்கூடத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

"எங்கம்மா தலைவர்கிட்டயே சொல்லியிருக்காங்க. பாருங்க, சொல்லும்போதே எடுத்தது. நலம்னு அவங்க சொல்லல."

எழுத்தர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரசித்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. நரம்பெல்லாம் பாருங்க, நிஜமாவே கத்தற மாதிரியே இருக்கு. எந்த மெஷின்ல பண்ணினது?"

"மெஷின் இல்ல. நான் கேமராவுல எடுத்தேன். இதுல நான் எதையும் தொடல."

"அப்படித்தான் சொல்லணும்." காலையில் வந்திருந்த அதிகாரபூர்வப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே மேடை, அதே கை, அதே காது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒரே நேரத்துல ஒருத்தர் கத்தவும் சிரிக்கவும் முடியாதுல்ல? ரெண்டுல ஒண்ணுதான் நிஜம். இதுல முத்திரை இருக்கு."

பத்தொன்பது வருடமாக அவள் ஒட்டிய பொய்களில் ஒன்றைக்கூட ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. உள்ளதை உள்ளபடி எடுத்த ஒரே படத்துக்கு இன்று வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்று பாராட்டு கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு அவள் பெஞ்சுக்குத் திரும்பினாள்.

"எழுதிட்டாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

"தலையை ஆட்டினாரே."

"அவரு காதுல விழல. விழுந்தாலும் எழுதமாட்டாங்க."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி பக்கத்தில் உட்கார்ந்தாள். இதற்கும் ஒரு சரியான நேரம் வரும் என்று காத்திருந்தால் வராது என்று தெரிந்தது.

"அம்மா, மெஷினுக்கு உன்னைத் தெரியாது. நான்தான் குடுத்தேன்."

"எதை?"

"உன் போட்டோவை. அந்த மொதல் படத்துக்கு ஒரு கை வேணும்னாங்க. கை மட்டும்தான் கேட்டேன். முகமும் சேந்து வந்துடுச்சு."

"வந்தது உனக்குத் தெரியுமா?"

"பாத்த உடனே தெரிஞ்சுது."

"அழிக்கலையா?"

"அழிக்கல. வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். திட்டுவாள் என்று கத்தரி எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. நடைக்கூடத்தில் யாரோ ஒருவர் அன்றைய அறிவிப்புகளைப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எம்பிள்ளைங்க ரெண்டு பேரும் வேலைன்னா உசிரை விடுவீங்க," என்றாள் அம்மா கடைசியில். "அவன் ஊரான் மெஷினுக்காகப் போனான்."

பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மனுவை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முப்பது பேருக்குப் பின்னால். கத்தரி போய் அவளுக்குப் பின்னால் நின்றாள். அம்மா திரும்பவில்லை.

சற்று நேரத்தில் கத்தரிக்குப் பின்னால் ஒருவர் வந்து சேர்ந்தார். கையில் அவரும் ஒரு மனு வைத்திருந்தார். அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், முன்னால் நிற்பவளைப் பார்த்தார், கத்தரியின் தோளைத் தொட்டார்.

"ஏம்மா, அந்தப் படத்துல சிரிக்கறாங்களே, அந்த அம்மாதானே இவங்க?"

"இல்லங்க," என்றாள் கத்தரி. "அது யாருன்னு தெரியல."

அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பெயர், அப்பா பெயர், தெரு, கதவு எண். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவர்களும் ஓர் அடி நகர்ந்தார்கள்.